தூண்டில் மீனை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தூண்டில் மீன் என்றதும் பலருக்கும் ஆழ்கடல் இருட்டில் தலைக்கு மேல் விளக்கைத் தொங்கவிட்டு, ஊசிப் பற்களோடு வாய் பிளந்து நிற்கும் உருவம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த மீனை வீட்டில் வளர்க்க முடியாது. அது வாழும் 1000 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தம் மேல்மட்டத்தைப் போல நூறு மடங்கு. தண்ணீரும் கடும் குளிர். 2025 தொடக்கத்தில் டெனெரிஃப் தீவின் கரைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஆழ்கடல் மீன் பட்டப்பகலில் மேலே வந்து நீந்தியதைப் படம் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் அது இறந்துவிட்டது.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கக் கூடியது அதன் உறவினரான தவளை மீன். வெப்பக் கடல்களில் பவளப் பாறை, கடற்பஞ்சு, பாசி ஆகியவற்றின் நடுவே, அதிக ஆழமில்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் மீன் இது. இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 50 இனங்கள் இருக்கின்றன. முதுகுத் துடுப்பின் முதல் முள் தனியாகப் பிரிந்து மெல்லிய தூண்டில் கோலாகிவிட்டது; அதன் நுனியில் ஒரு சதைத் துணுக்கு. அதை ஆட்டி இரையைக் கூப்பிடும். நீந்துவதை விட நடப்பதே அதிகம்: மார்புத் துடுப்பும் இடுப்புத் துடுப்பும் கைகால் போல வளைந்து பாறையைப் பற்றிக்கொள்ளும். கடைகளில் 'ஆங்லர்' என்றும் 'ஃப்ராக்ஃபிஷ்' என்றும் விற்கப்படுவது இதுதான்.

இந்த மீன் ஓடியாடாது, பெரிய தொட்டி கேட்காது, பவளம் வளர்ப்பவர்களைப் போல விளக்குக்காகச் செலவழிக்கவும் வைக்காது. அப்படியிருந்தும் பல வீடுகளில் சீக்கிரமே இறந்துபோகிறது. பெரும்பாலும் காரணம் அதன் வாய் வழியாகத்தான் போகிறது: அளவுக்கு மீறிப் பெரிய இரை, அளவுக்கு மீறி அடிக்கடி இரை, சத்தில்லாத இரை. தொட்டி, உப்பு, ஃபில்டர் எல்லாம் எந்தக் கடல் மீனுக்கும் பொது. தவளை மீனுக்கென்றே கற்றுக்கொள்ள வேண்டியது சாப்பாடு கொடுக்கும் கலை. அதனால் அந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்த இனம்?

முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்வது ஆன்டெனேரியஸ் மாக்குலேட்டஸ். உடம்பெல்லாம் மரு மருவாக இருக்கும் சின்ன இனம். முழு வளர்ச்சியிலும் 10 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தூண்டில் நுனி ஒரு குட்டி மீனைப் போலவே இருக்கும்.

ஆன்டெனேரியஸ் பிக்டஸ் அதைவிடப் பெரிது, நிறங்களில் அழகானது, கடைகளில் அடிக்கடி வரும். ஆன்டெனேரியஸ் ஸ்ட்ரியேட்டஸ் 20 சென்டிமீட்டர் வரை போகும். சிலவற்றின் உடம்பு முழுக்க முடி முளைத்தது போல இழைகள் இருக்கும், தூண்டில் நுனி புழு மாதிரி நெளியும். ஆன்டெனேரியஸ் கமர்சன் 30 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

ஹிஸ்ட்ரியோ ஹிஸ்ட்ரியோ தனி ரகம். மிதக்கும் சர்காசம் பாசிக்குள் வாழும் மீன். தரையில் உட்காரப் பழகியதல்ல. மேல்மட்டத்தில் மிதக்கும் செயற்கைப் பாசிக் கொத்தாவது அதற்கு வேண்டும். தன் இனத்தையே விழுங்கும் பழக்கம் இதற்கு ரொம்ப அதிகம். முதல் மீனாக வாங்க வேண்டாம்.

குட்டியாக இருக்கும்போது ஒரு இனத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். விற்பவர் சொல்லும் பெயரும் பல நேரம் தவறு. சந்தேகம் இருந்தால் பெரிய இனமாக வளரும் என்று வைத்துத் தொட்டியைத் திட்டமிடுங்கள்.

நிறத்தைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதீர்கள். இன்று எலுமிச்சை மஞ்சளாக இருக்கும் மீன், உங்கள் தொட்டியில் இருக்கும் பாறையையும் பாசியையும் பார்த்துச் சில வாரங்களில் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறிவிடும். அது நோய் அல்ல, அதன் இயல்பு. மஞ்சள் மீனுக்கென்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: தொட்டி

மாக்குலேட்டஸ் ஒன்றுக்கு 100 லிட்டர் போதும். பிக்டஸ், ஸ்ட்ரியேட்டஸ் என்றால் 200 லிட்டர். நகரவே நகராத மீனுக்கு எதற்கு 100 லிட்டர் என்று தோன்றலாம். அந்த அளவு மீன் நீந்துவதற்காக அல்ல, அதன் கழிவுக்காக. தவளை மீன் முழு இறாலை ஒரே விழுங்கில் உள்ளே தள்ளும். அடுத்த ஓரிரு நாளில் அதன் கழிவு அம்மோனியாவாக வெளியே வரும். தண்ணீர் குறைவாக இருந்தால் ஒரே வேளைச் சாப்பாடு தொட்டியின் நிலையையே கவிழ்த்துவிடும். உயரமான தொட்டியை விட அகலமான தொட்டி நல்லது, ஏனென்றால் இது தரையில் வாழும் மீன்.

ஃபில்டர் விஷயத்தில் தாராளமாக இருங்கள். சம்ப் (ஃபில்டர் கருவிகளுக்கென்று தொட்டிக்குக் கீழே வைக்கும் தனித் தொட்டி) வைக்க முடிந்தால் வையுங்கள். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ப்ரோட்டீன் ஸ்கிம்மர் உங்கள் தொட்டி அளவுக்கு என்று பெட்டியில் போட்டிருப்பதை விட ஒரு படி பெரியதாக வாங்குங்கள். நன்றாகப் பக்குவப்பட்ட லைவ் ராக் (நல்ல பாக்டீரியா குடியேறிய கடல் பாறை) கொஞ்சம் வேண்டும்.

சாதாரணக் கடல்மீன் தொட்டியில் யாரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம். ஒன்று, ஹீட்டர். தவளை மீன் எதன்மேல் வேண்டுமானாலும் சாய்ந்து மணிக்கணக்காக உட்காரும். ஹீட்டரில் சாய்ந்தால் தோல் வெந்துவிடும். ஹீட்டரைச் சம்ப்பில் வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் உறை போடுங்கள். இரண்டு, தண்ணீரை உறிஞ்சும் பம்ப்பின் வாய். இந்த மீனுக்கு உறிஞ்சலை எதிர்த்து நீந்தும் வலு இல்லை. பம்ப் வாயில் ஸ்பாஞ்ச் அல்லது வலை மூடி கட்டாயம். நீரோட்டம் மிதமாக இருக்கட்டும், மீன் உட்காரும் மூலையிலாவது தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும்.

அடியில் மெல்லிய மணல் போடலாம், எதுவும் போடாமலும் விடலாம். கரடுமுரடான சரளை மட்டும் வேண்டாம். இரையை உறிஞ்சும்போது கல்லும் சேர்ந்து உள்ளே போகும். பாறைகளை ஆடாமல் அடுக்கி, தேவைப்பட்டால் ஒட்டுங்கள், ஏனென்றால் இது இடுக்குக்குள் முண்டியடித்து நுழையும். வெவ்வேறு உயரத்தில் மூன்று நான்கு உட்காரும் இடங்கள் இருந்தால் அதுவே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். செயற்கைக் கடற்பஞ்சு ரொம்பப் பிடிக்கும். விளக்கு எது வேண்டுமானாலும் இருக்கலாம். மங்கலாக இருந்தால் மீன் இன்னும் நிம்மதியாக வெளியே உட்காரும்.

மூன்றாம் படி: தண்ணீரும் காத்திருப்பும்

ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடல் உப்புக் கலவையைச் சேர்த்து, தனி வாளியில் ஒரு நாள் முழுக்கச் சின்ன பம்ப் ஓடவிட்டுக் கரையுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வரும். சரியான அளவு பாக்கெட்டில் இருக்கும், முடிவான அளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளவு காட்டும் கருவி சொல்லும். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.025 வரை, வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ், பி.எச். 8.1 முதல் 8.4. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்குக்குள்) இருந்தால் நிம்மதி.

மீன் வாங்குவதற்கு முன் தொட்டியைப் பக்குவப்படுத்த வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் ஃபில்டரிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் எதுவும் இல்லாமல், மருந்துபோல அளந்து அம்மோனியாவை 2 பி.பி.எம். வரை சேர்த்து, நாள்தோறும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் இறங்கும்.

2 பி.பி.எம். சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். தவளை மீனுக்கு இந்தச் சோதனையை ஒருமுறை செய்து நிறுத்தாமல், சில நாள் இடைவெளி விட்டு இன்னும் சில முறை செய்து பார்க்கச் சொல்வேன். மற்ற மீன்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவு விடும். இது மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் மொத்தமாக விடும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பாக்டீரியா வேண்டும்.

நான்காம் படி: மீனைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருதல்

கடைக்கு வரும் தவளை மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே கடலில் பிடித்தவை. பயணத்தில் நொந்து வந்திருக்கும். இந்த வாரம் வந்த மீனை இந்த வாரமே வாங்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் கடைத் தொட்டியில் இருந்து, உங்கள் கண்ணெதிரே இரை எடுத்த மீனே நல்லது. செத்த இறாலைக் குச்சியில் கொடுத்து எடுக்கும் மீன் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அருகில் போய்ப் பொறுமையாகப் பாருங்கள். மூச்சைப் பார்க்க மற்ற மீன்களில் பார்ப்பது போலக் கன்னத்துப் பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதன் செவுள் துளை மார்புத் துடுப்புக்குப் பின்னால், அக்குள் மாதிரி இடத்தில், வட்டமான சின்ன ஓட்டையாக இருக்கும். அது மெதுவாக, சீராகத் திறந்து மூட வேண்டும். படபடவென்று அடித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். கண் தெளிவாக இருக்கிறதா, தாடையில் காயம் இருக்கிறதா, கைகள் பாறையைப் பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும் மீனையும், ஓயாமல் கண்ணாடியில் முட்டி நீந்தும் மீனையும் வாங்கக் கூடாது. ஒட்டிய வயிறு ஆகாது. பந்து போல உப்பிய வயிறும் ஆகாது; அது விற்பதற்காக நேற்று இரவு திணித்த இரையாக இருக்கலாம். அப்படிச் சாப்பிட்ட மீன் பையில் கக்கி, அந்தத் தண்ணீரிலேயே இறந்துவிடும். எடுத்துச் செல்வதற்கு முன் இரண்டு மூன்று நாள் பட்டினி போடச் சொல்லுங்கள்.

வலையால் தூக்கவே கூடாது. தவளை மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தால் பேத்தை மீன் மாதிரி காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும். சில நேரம் அந்தக் காற்றை வெளியேற்றத் தெரியாமல் மிதந்து தவிக்கும். ஒரு டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மீனை அதற்குள் மெல்ல நகர்த்தி, தண்ணீரோடு சேர்த்தே எடுக்க வேண்டும். கடைக்காரர் வலையை எடுத்தால் தயங்காமல் தடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே 15, 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்குங்கள். பயணம் நீண்டதாக இருந்திருந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் பழக்குவது நல்லதல்ல. மூடிய பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியாவின் விஷமும் அடங்கியிருக்கும். பையைத் திறந்த உடனே வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அதே அம்மோனியா கடும் விஷமாகிவிடும். எனவே கடையில் உப்பளவு என்ன என்று முன்கூட்டியே கேட்டு, ஒரு வாளித் தண்ணீரை அந்த அளவுக்குத் தயார் செய்து, பையைத் திறந்ததும் மீனைச் சீக்கிரம் அதற்கு மாற்றி, அப்புறம் நிதானமாகத் தொட்டியின் உப்பளவுக்குக் கொண்டு வாருங்கள்.

தனிமைத் தொட்டி வேண்டுமா? இந்தத் தொட்டியில் வேறு மீனே இருக்கப்போவதில்லை என்பதால், தவளை மீனால் யாருக்கும் நோய் பரவாது. ஆனாலும் 40 லிட்டரில் ஒரு வெற்றுத் தொட்டியும் சின்ன ஃபில்டரும் கைவசம் இருக்கட்டும். மருந்து கொடுக்க வேண்டி வந்தால் லைவ் ராக் இருக்கும் தொட்டியில் கொடுக்க முடியாது. உண்மையில் தனிமைப்படுத்த வேண்டியது நீங்கள் இரையாகப் போடும் உயிருள்ள மீன்களைத்தான். நோய் அந்த வழியாகத்தான் வரும்.

ஐந்தாம் படி: சாப்பாடு

முதலில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரை கண்ணில் பட்டதும் தவளை மீன் பாயாது. கண் மட்டும் திரும்பும். தலைமேல் மடிந்திருக்கும் தூண்டில் நிமிர்ந்து, நுனி துடிக்கும். இரை நெருங்கி வந்தால் சில மீன்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, கையை மாற்றி மாற்றி வைத்து ஒரு அடி முன்னே நகரும். உடம்பு லேசாகக் குறுகும். அடுத்து நீங்கள் பார்ப்பது வாய் மூடிய மீனைத்தான், இரை அங்கே இருக்காது. வாய் திறந்து உறிஞ்சி முடிக்க ஏறத்தாழ 6 மில்லி விநாடிதான் ஆகிறது என்று அதிவேகக் கேமராவில் அளந்திருக்கிறார்கள். வாயின் கொள்ளளவு அந்தக் கணத்தில் பன்னிரண்டு மடங்கு வரை விரிகிறது. தன் நீளமே உள்ள மீனைக்கூட விழுங்கப் பார்க்கும்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கடலில் அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாத மீன் இது. கிடைத்ததை விட்டுவிடும் குணம் இதற்குக் கிடையாது. விழுங்கிய இரை பெரிதாக இருந்தால், செரிமானம் முடிவதற்குள் வயிற்றுக்குள்ளேயே அழுக ஆரம்பிக்கும். வாயு சேரும். மீன் மிதக்கும். பல நேரம் கக்கிவிட்டுப் பிழைக்கும், சில நேரம் முடியாமல் போகும். அளவைத் தீர்மானிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. நான் வைத்திருக்கும் விதி: ஒரு வேளை இரை, வால் நீங்கலான மீனின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அது ஒரே துண்டாக இருந்தாலும் சரி, மூன்று சின்னத் துண்டாக இருந்தாலும் சரி, மொத்தம் அவ்வளவுதான். 10 சென்டிமீட்டர் மீனுக்கு 3 சென்டிமீட்டர் இறால் ஒன்று. பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும். மனம் இளகாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 5 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சின்னத் துணுக்காக. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு முறை போதும். தூண்டிலை ஆட்டுவதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக்கு வெளியே உங்கள் விரல் அசைந்தாலும் ஆட்டும், சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்திலும் ஆட்டும்.

புதிதாக வந்த மீனுக்கு முதல் இரண்டு நாள் எதுவும் வேண்டாம். இடம் பழகட்டும். மூன்றாம் நாள் உயிருள்ள சின்ன இறால் ஒன்று விட்டுப் பாருங்கள். பெரும்பாலான மீன்கள் அதை எடுத்துவிடும். உயிருள்ள இரையிலேயே காலம் முழுக்க ஓட்டுவது கஷ்டம், நோய் வரும் வழியும் அதுதான். அதனால் செத்த இரைக்குப் பழக்க வேண்டும்.

பழக்கும் முறை இது. நீளமான, கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூர்முனை இருக்கக் கூடாது. உறைநிலை நீக்கிய இறாலின் வாலை லேசாகப் பிடிக்கும்படி குச்சி நுனியில் செருகுங்கள், மெல்ல இழுத்தாலே கழன்று வர வேண்டும். மீன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி இறக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, வாய்க்கு நேராக ஒரு விரல் நீளத் தூரத்தில் நிறுத்துங்கள். துள்ளல் ஒன்று, அப்புறம் அசையாமல் சில விநாடி, மறுபடி ஒரு துள்ளல். நேராக முகத்தில் கொண்டுபோய் இடித்தால் மீன் திரும்பிக்கொள்ளும், அன்றைய முயற்சி அத்தோடு போச்சு. கண் குச்சியைப் பின்தொடர்கிறதா என்று பாருங்கள்; பின்தொடர்ந்தால் நம்பிக்கை உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கவில்லை என்றால் இரையை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி முயலுங்கள். நன்றாக இருக்கும் மீன் அதுவரை பட்டினி தாங்கும். பசிதான் உங்கள் பக்கம் இருக்கும் ஒரே துணை.

என்ன கொடுப்பது? கடலில் கிடைப்பதே அடிப்படை: ஓட்டோடு சின்ன இறால், கணவாய்த் துண்டு, முள் நீக்கிய கடல்மீன் துண்டு, கிரில் என்ற இறால் போன்ற சின்னக் கடல் உயிரி. ஒன்றையே திரும்பத் திரும்பக் கொடுக்காமல் மாற்றிக் கொடுங்கள். பொன்மீன் கொடுக்கவே கூடாது. அதில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் சத்துக் குறைந்து நரம்புத் தளர்ச்சியில் விழும். நன்னீர் மீன்களின் கொழுப்பும் கடல் மீனுக்குத் தேவையான கொழுப்பு அல்ல. உறைந்த இரையை வாரத்தில் ஒருமுறை மீன்களுக்கான வைட்டமின் கரைசலில் ஊறவைத்துக் கொடுப்பது நல்ல பழக்கம்.

செத்த இரையைத் தொடவே தொடாத மீனுக்கு மோலி என்ற சின்ன நன்னீர் மீன் உதவும். மோலியைச் சில மணி நேரத்தில் மெல்ல மெல்லக் கடல்நீருக்குப் பழக்கிவிடலாம். நன்னீர் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை உப்பில் செத்துவிடும். உப்புத் தண்ணீரில் சில வாரம் தனியே வைத்து, கடல் உணவுத் தூள் கொடுத்து வளர்த்து, அப்புறம் இரையாக்குங்கள். இரையின் வயிற்றில் இருக்கும் சத்துதான் உங்கள் மீனுக்குப் போகும். முள் விரிக்கும் கெளுத்தி, பேத்தை, நச்சு முள் உள்ள எதுவும் உள்ளே வரக் கூடாது. விழுங்கிய முள் தொண்டையில் நிமிர்ந்து நின்றால் எடுக்க வழியில்லை.

ஒரு சின்ன நோட்டில் தேதி, இரை, அளவு, எடுத்ததா இல்லையா என்று எழுதி வையுங்கள். வீட்டில் இரண்டு பேர் சாப்பாடு போடும் தொட்டியாக இருந்தால் இது மீனின் உயிரைக் காப்பாற்றும் நோட்டு. கக்கிய இரையைக் கண்டவுடன் அகற்றி, அம்மோனியா பாருங்கள்.

கூட யாரை விடலாம்?

யாரையும் வேண்டாம். தன்னைவிடச் சிறியதை விழுங்கும், தன் அளவு இருப்பதை விழுங்க முயலும். இரண்டு தவளை மீனைச் சேர்த்து வைத்தால் ஒருநாள் ஒன்றுதான் இருக்கும். பெரிய மீன்களை விட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தால், அவை இதை ஒரு பாறை என்று எண்ணிக் கொத்தும். ட்ரிக்கர், ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன், பேத்தை எல்லாம் தோலையும் தூண்டிலையும் கடித்துக் குதறிவிடும். இறால்கள் எப்பேர்ப்பட்ட விலையானாலும் தவளை மீனுக்கு அது இரைதான். பாசி தின்ன நத்தைகளும், சின்ன ஹெர்மிட் நண்டுகளும் போதும்.

தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்மையானவற்றோடு சமாளித்துக்கொள்ளும், என்ன, அவற்றின்மேல் ஏறி உட்காரும். கொட்டும் பவளங்கள் வேண்டாம். அனிமோனி எனப்படும் கடல் சாமந்தி கூடவே கூடாது. தெரியாமல் அதன்மேல் நடந்து போகும் மீன் இது, வேகமாக விலகத் தெரியாது.

வாராந்திர வேலை

வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல, குறைந்ததை ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டுங்கள், உப்புத் தண்ணீரால் அல்ல. கையை உள்ளே விடுவதற்கு முன் மீன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். நிறம் மாறிப் பாறையோடு பாறையாக இருக்கும்போது, பாறை என்று நினைத்து அதையே தூக்கிவிடக் கூடும். அதன் தோலில் பாசி வளர்ந்திருந்தால் துடைக்க வேண்டாம்.

சிக்கல் வந்தால்

கொட்டாவி: வாயை அகலத் திறந்து மூடுவது சாதாரணம், இடம் மாறுவதற்கு முன் அடிக்கடி செய்யும். மூச்சும் வேகமாக இருந்து, கொட்டாவியும் தொடர்ந்து வந்தால் அம்மோனியாவையும் ஆக்சிஜன் கலப்பையும் உடனே கவனியுங்கள்.

சாப்பிட மறுப்பது: வளர்ந்த மீன் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் பயப்பட வேண்டாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், அப்புறம் நோட்டைப் பாருங்கள். கடைசி இரை பெரிதாக இருந்திருக்கும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் உயிருள்ள இறாலைக் காட்டுங்கள்.

மிதப்பது: காற்று விழுங்கியதால் என்றால் பெரும்பாலும் தானாகவே வெளியேற்றும். ஒரு நாளாகியும் இறங்கவில்லை என்றால், ஈரக் கையுறை போட்டு, தண்ணீருக்குள்ளேயே தலை மேலும் வால் கீழுமாகச் செங்குத்தாகப் பிடியுங்கள். காற்று வாய்ப் பக்கம் ஏறி வரட்டும், வயிற்றை அமுக்காதீர்கள். அழுகிய இரையால் மிதக்கிறது என்றால் பட்டினியும் சுத்தமான தண்ணீரும்தான் செய்ய முடிந்தது. மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவரிடம் காட்டுங்கள்.

வயிறு திடீரென்று மளமளவென உப்பி, வால் பக்கம் மேலே தூக்கினால் அது நோயாக இல்லாமல் முட்டையாகவும் இருக்கலாம். பெண் மீன் தனியாக இருந்தாலும் முட்டையிடும். ஆயிரக்கணக்கான முட்டைகள் ஒட்டிய, வழுவழுப்பான நாடா ஒன்று சுருள் சுருளாக மேலே மிதக்கும். மீன் பழைய உருவத்துக்கு வந்துவிடும். ஆண் இல்லாததால் அவை பொரிக்காது. நாடாவை முழுசாக எடுத்துவிடுங்கள், அழுகினால் தண்ணீர் கெடும்.

வெள்ளைப்புள்ளி நோய்: உடம்பெல்லாம் மருவும் இழையுமாக இருப்பதால் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. துடுப்பின் மெல்லிய சவ்வில் பாருங்கள். இந்த நோய்க்கான தாமிர மருந்துகள் தவளை மீனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, குறைந்த அளவில் தொடங்கி, டெஸ்ட் கிட்டில் அளந்துகொண்டே மெல்ல ஏற்றுங்கள். லைவ் ராக் இருக்கும் தொட்டியில் தாமிரம் ஊற்றவே கூடாது.

தூண்டில் அறுந்துபோனால் கவலை வேண்டாம். அடிப்பகுதி சேதமாகாமல் இருந்தால் திரும்ப முளைக்கும். அதுவரை குச்சியில் சாப்பிடட்டும்.

மின்சாரம் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று ஓடட்டும், அந்த நேரத்தில் இரை கொடுக்க வேண்டாம்.

வெளியூர் போக வேண்டி வந்தால் தவளை மீன் மிகச் சுலபமான மீன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு வழக்கமான அளவில் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். செரித்துக் கழிவு வெளியேறி, அம்மோனியா பூஜ்யம் என்று பார்த்த பிறகு புறப்படலாம். வளர்ந்த மீன் ஒரு வாரம் சும்மா இருந்துகொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருபவரிடம் ஆர்.ஓ. தண்ணீர்க் கேனையும், எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கோடு போட்ட தொட்டியையும் காட்டுங்கள். இரைப் பெட்டியை மட்டும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.